தின்னாமலே ஏறிய சர்க்கரை

தூத்துக்குடி
புதன்கிழமை

அன்பு மகள் பேச்சிச்செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் செந்தூர் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். காயல்பட்டினத்து அஸ்லம் நாளை மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

திரேஸ்புரம் கடையில் கயிறு வியாபாரம் சுமார்தான், காற்றுக்காலம், படகுகள் பாதி நாள் கரையில்தான் கிடக்கின்றன. என் சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதச் சராசரி ஏழில் இருந்தது ஒன்பதரைக்குப் போய்விட்டது. மாத்திரை தவறவில்லை, மதியம் ஒரு கரண்டிச் சோறுதான், காலையில் நடையும் உண்டு. உன் அம்மா நம்பினால்தானே. கடைக்குப் போகிற வழியில் பேக்கரியில் மக்ரூன் மிட்டாய் வாங்கித் தின்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டாள். சட்டைப் பையைத் துழாவினாள், வெல்ல டப்பாவை இடம் மாற்றினாள், பக்கத்துக் கடைக்காரர் ரோச்சை உளவுக்கு வைத்தாள். அவர் பாவம் ஒரு வாரம் என்னையே பார்த்திருந்துவிட்டு, அண்ணாச்சி சீனி போடாத டீயத்தான் குடிக்காவ மைனி, வேற ஒண்ணுந் தொடல என்று சொல்லிவிட்டார். அவருக்கும் எனக்கும் கூட்டு என்றாள்.

போன வாரம் டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மனதில் நாள்பட்ட கவலை ஏதும் உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மாதக்கணக்கில் கவலையைச் சுமந்தால் உடம்பு ஏதோ ஆபத்து என்று நினைத்து ஒரு ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்குமாம், அதனால் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுமாம், இன்சுலினும் சரியாக வேலை செய்யாதாம், வாயைக் கட்டினாலும் ஏறுமாம். அடுத்த சோதனையிலும் இறங்காவிட்டால் ஊசிதான் என்று சொல்லி அனுப்பினார். படியிறங்கும்போது யோசித்துப் பார்த்தேன். நீ மாப்பிள்ளை செந்தூர்வேலைப் பிரிந்து தனி அறைக்குப் போய்விட்டதாக என்னிடம் மட்டும் சொல்லி, அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறார் என்று பொய் சொல்லி வந்திருக்கிறேன்.

நேற்று அவள் என் வேட்டி மடிப்பை உதறிப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறியது தப்புதான், நீ கோபித்துக்கொண்டால் அது நியாயம். கத்துவாள், ஊர் என்ன பேசும் என்பாள் என்றுதானே நாம் இருவரும் பயந்தோம். அவளோ, எட்டு மாசமா எம்மவ தனியா என்னத்தப் பொங்கித் தின்னா, அதையாவது கேட்டியளா என்றாள். நான் கேட்டதில்லை.

அப்போதே உனக்குப் போன் போட எழுந்தவளை, இந்தக் கடிதம் கைக்குச் சேரட்டும் என்று பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். ஞாயிறு காலை கூப்பிடுவாள், எடு. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மறந்துவிடாதே. கேட்டுவைத்திருந்த எனக்கே இவ்வளவு ஏறியிருக்கிறது, பட்டவள் நீ. ஒருநாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார். எவ்வளவு இருந்தாலும் அம்மாவிடம் சொல்லு, என்னிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதே.

இப்படிக்கு உன் அப்பா,
வன்னியபெருமாள்