ஐயனாருக்கு விட்ட துண்டு

வீரைக்குளம்,
மாங்குளம்.
26.08.1982

என்ர அன்பு மகள் அருந்ததிக்கு,

குஞ்சியப்பு எழுதிக்கொள்வது. என்ர அண்ணன், உன்ர அப்பா, கண்ணை மூடின நாள் தொட்டு உன்னைப் பெத்த பிள்ளையா வளர்த்த நானும் குஞ்சியம்மாவும் கைகால் சுகத்தோடை இருக்கிறம். அந்தக் குளிர் தேசத்து ஆசுப்பத்திரியில நீ மற்றவையின்ர நோயைப் பாக்கேக்கை உன்ர உடம்பையும் ஒருக்கால் திரும்பிப் பாக்கவேணும் எண்டு முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்து வைச்சிருக்கிறம்.

நான் அப்பவே சொன்னனான் பிள்ளை, மாசி மாசமே சொன்னனான், இந்த வருசம் காடு பத்தும், மேற்குப் பக்கத்தாலதான் வரும், சோளகக் காத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஊருக்குள்ள கொட்டும் எண்டு. தேத்தண்ணிக் கடையில இருபது பேருக்கு முன்னால சொன்னனான். குஞ்சியம்மா இப்ப பின்னால நிண்டு எட்டிப் பாத்துப்போட்டு, நீங்கள் சொன்னது மழை வரும் எண்டெல்லோ எண்டுறா. அவாவுக்கு ஞாபகம் குறைஞ்சு போச்சு. எப்படியோ போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நெருப்பு வந்தது, மேற்காலதான் வந்தது. நீ பயப்பிடாதை, எங்கட வீட்டுக்கு ஒண்டும் இல்லை, ஊரில ஒரு உயிரும் போகேல்லை. எரிஞ்சது ஆண்டியப்பன்ர வீடு ஒண்டுதான். ஒண்டுதான் எண்டு எழுதிப்போட்டன், ஆனால் அவனிட்டை இருந்ததும் அந்த ஒண்டுதான். ஆண்டியப்பனை நீ மறந்திருக்க மாட்டாய், எழுபத்தேழுக் கலவரத்தோடை தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரு தகரப் பெட்டியோடை வந்து எங்கட வீட்டுக்கு மேற்குப் பக்கத்தில குந்தினவன், பொஞ்சாதி பேர் வீரம்மா. நீ வெளிநாடு போற அண்டைக்கு உன்ர பெட்டியை மாங்குளம் ஸ்ரேசன் மட்டும் தலையில வைச்சுக் கொண்டுவந்தது அவன்தான்.

முதலில இருந்து சொல்லுறன். சித்திரை மாசம் ஒரு அரசாங்கக் கந்தோர்த் துரை ஜீப்பில வந்து பள்ளிக்கூடக் கொட்டிலில கூட்டம் வைச்சவர். காட்டோரத்து ஊருகளுக்கு அரசாங்கம் ஒரு மானியம் குடுக்குதாம், நெருப்பு வராமல் ஊரைக் காப்பாத்துறதுக்கு. ஊரைச் சுத்தி இருபதடி அகலத்துக்கு மரம் செடி சருகு ஒண்டும் இல்லாமல் வெறும் மண்ணாத் துப்புரவாக்கவேணும், வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்கு வரவேணும், அவை மண்வெட்டியும் கத்தியும் தண்ணி வைக்கத் தார்ப் பீப்பாவும் கூலியும் தருவினம். இது ஊருக்கு. இதைவிட வேறை ஒண்டும் இருக்கு, சொந்தக் காணியில காட்டுமரம் வைச்சுப் பராமரிக்கிற ஆக்களுக்கு நிக்கிற மரத்துக்கு இவ்வளவு எண்டு தனி மானியம். துரை கேட்டவர் இதுக்கு ஆர் விண்ணப்பம் எழுதுறது எண்டு. முழு ஊரும் என்னைத்தான் பாத்தது. நான் ஆறாம் வகுப்போடை நிண்டவன் எண்டாலும் என்ர எழுத்தைப் பாத்துப்போட்டு அந்த மனிசன், கொழும்பிலையும் இப்படி ஒருத்தரும் எழுதமாட்டினம் எண்டவர். சரி, கொழும்பு எண்டு சொல்லேல்லை, விளங்குது எண்டு சொன்னவர். அந்த இருபதடிக்கு நெருப்பு வேலி எண்டு பேர் வைச்சதும் நான்தான்.

வடக்கு, கிழக்கு, தெற்கு மூண்டு பக்கமும் ஒரு மாசத்தில முடிஞ்சுது. முப்பத்துநாலு குடும்பம், ஒரு வீடு தவறாமல் வந்தது. ஆண்டியப்பன் வீட்டுக்கு ஒரு ஆள் எண்டதுக்கு அவனும் வீரம்மாவும் ரெண்டு பேரா வந்து நிண்டதுகள். அவன் கத்தி பிடிச்சால் பத்துப் பேர் வேலை. மிஞ்சினது மேற்குப் பக்கம். அங்கைதான் எங்கட மேட்டுக்காணி. காட்டுக்கும் ஆண்டியப்பன்ர வளவுக்கும் நடுவில எங்கட பதினொரு முதிரை மரமும் நிக்குது. நெருப்பு வேலி அதுக்குள்ளாலதான் போகவேணும், உள்ளுக்கை தள்ளினால் அவன்ர வீடு, வெளியில தள்ளினால் அரசாங்கக் காடு. பதினொண்டும் விழவேணும். உனக்குக் கலியாணம் முற்றாகினால் வீடு கட்ட நிலை, கதவு, யன்னல் எல்லாம் அந்த முதிரையிலதான் எண்டு நான் உலகமெல்லாம் சொல்லித் திரிஞ்சது உனக்குத் தெரியும். வெட்டினால் மர மானியமும் இல்லை, வெட்டாட்டி ஊர் மானியம் இல்லை. 

அப்பத்தான் எனக்கு அந்தக் கனவு. மேற்குப் பக்கம் வெட்டத் தொடங்குற அண்டைக்கு விடியப்புறம். ஐயனார் வெள்ளைக் குதிரையில வாறார், கையில செண்டாயுதம், மீசை எண்டால் உனக்கு நான் எப்படிச் சொல்ல, ரெண்டு முழம் வரும். வந்து மேற்கால கையை நீட்டி, வீரகத்தி, இது நான் குளத்துக்குத் தண்ணி குடிக்கப் போற வழி, இதில கத்தி வைக்காதை எண்டார். நான் காலமை கத்தியோடை நிண்ட சனத்துக்கு முன்னால போய் அழுதழுது சொன்னன். குஞ்சியம்மா சொல்லுறா அண்டைக்குக் குதிரை மண்ணிறம் எண்டு சொன்னனானாம். கனவில நிறம் ஆர் பாக்கிறது. நல்லதம்பியை உனக்குத் தெரியும்தானே, அந்த நக்கல்காரன், ஐயனார் உம்மட மரம் பதினொண்டையும் எண்ணிப் பாத்துத்தான் வழி விட்டவரோ எண்டு கேட்டான். எல்லாரும் சிரிச்சினம். அப்ப ஆண்டியப்பன்தான் கத்தியைக் கீழ வைச்சுப்போட்டுக் கையைக் கும்பிட்டவன். சாமி விசயத்துல வெளாட்டு வேணாங்க, சாமியே வந்து சொல்லிருச்சுன்னா அப்புறம் நாம யாருங்க எண்டான். அவன்ர வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில அந்தத் துண்டு வெட்டாமல் கிடந்தால் முதல் ஆபத்து அவனுக்குத்தான், அவனே அப்படிச் சொன்ன பிறகு மற்றவை என்ன கதைக்கிறது, கத்தியைத் தோளில வைச்சுக்கொண்டு போயிட்டினம்.

அதோடை விட்டிருந்தால் பறவாயில்லை. ஆண்டியப்பன் குளத்தில இருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து எங்கட பெரிய முதிரைக்குக் கீழ நட்டான், மஞ்சள் பூசினான். எங்கட ஆக்கள் காட்டுக்குள்ள இறங்க முன்னம் ஒரு கொப்பு முறிச்சு ஐயனாருக்கு வைச்சுப்போட்டுத்தானே போவினம், விறகுக்குப் போறவை, தேனுக்குப் போறவை, மாடு தேடிப் போறவை எல்லாரும் வேறை இடத்தில வைச்ச கொப்பை இப்ப இந்தக் கல்லடியில வைக்கத் தொடங்கீட்டினம். சாமிக்கு வைச்ச கொப்பை ஒருத்தரும் அள்ளி எறிய மாட்டினம். ஆடி மாசம் வரேக்கை அந்தக் கொப்புக் குவியல் என்ர நெஞ்சு மட்டத்துக்கு வந்திட்டுது. இடுப்பு மட்டம் எண்டு வை. எல்லாம் காஞ்சு கறகறத்துப் போச்சு, கீழ சருகு முழங்கால் மட்டும், பக்கத்தில இலுக்குப் புல்லு. வெள்ளிக்கு வெள்ளி அவன் அதில கற்பூரம் கொளுத்துவான். நான் ஒருக்கால் எண்டாலும் ஆண்டியப்பா இதில கொளுத்தாதை எண்டு சொல்லியிருக்கலாம். எந்த வாயால சொல்லுறது, கோயில் ஆக்கினதே நான். துரை நாடா பிடிச்சு அளக்க வந்தபோது இந்த இடத்தில ஏன் வெட்டேல்லை எண்டு கேட்டவர், இது பரம்பரையா எங்கட கோயில் காணி, முந்நூறு வருசம் எண்டனான், அவரும் கல்லைப் பாத்துக் கும்பிட்டுப்போட்டு அப்படியே எழுதிக்கொண்டு போனவர். ரெண்டு மானியமும் வந்தது. 

வெள்ளிக்கிழமை அவன் கொளுத்திக் கும்பிட்டு, செம்புத் தண்ணியை ஊத்தி அணைச்சுப்போட்டுத்தான் வயலுக்குப் போனவனாம். எங்கையோ ஒரு பொறி அந்தக் கொப்புக்குள்ள இருந்திருக்கு. சோளகம் அடிச்ச அடியில புகையைக் கண்டு நாங்கள் ஓட முன்னம் அது பனை உயரத்துக்கு எழும்பீட்டுது. பனை இல்லை, கூரை உயரம். ஊரே வந்து பச்சைக் குழையால நெருப்பை அடிச்சுது. மற்ற மூண்டு பக்கமும் வெறும் மண், அங்கை போன நெருப்பு நாக்கை நீட்டிப் பாத்துப்போட்டுச் செத்துப்போச்சு, முப்பத்துமூண்டு வீடும் அதாலதான் தப்பினது. மேற்குப் பக்கத்துக்கு எண்டு தந்த ரெண்டு தார்ப் பீப்பாவையும் நான் வைச்சிருந்தது எங்கட மரத்தடியில. நானும் வாளியால அள்ளி ஊத்தினன் பிள்ளை, வெறி பிடிச்சவன் மாதிரி ஊத்தினன், எல்லாரும் என்ர துணிவைப் பாத்துத் திகைச்சுப் போச்சினம். நான் ஊத்தினது மரத்துக்கு. எனக்குப் பின்னால வீரம்மா, அய்யா வீட்டுக்கு ஊத்துங்க, அய்யா வீட்டுக்கு எண்டு கத்தினது என்ர காதில விழுந்தது. விழேல்லை எண்டு இண்டைக்கு மட்டும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். அவள் பேந்து தானாக் கொட்டிலுக்குள்ள போய் எரியிற கயித்தை அவிட்டு ரெண்டு ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்தவள். ரெண்டு உள்ளங்கையும் தோல் கழண்டு போச்சு. முதிரை எட்டு நிக்குது. பட்டை கருகினாலும் நிக்குது. வாசலுக்கு வந்தால் அதுதான் கண்ணில படுது, நான் இப்ப பின்னுக்குக் குசினிப் பக்கத்தாலதான் வெளிய போய் வாறன்.

அவை ரெண்டு பேரும் இப்ப எங்கட நெல்லுக் கொட்டிலில இருக்கினம். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். ஊர் முழுக்க, வீரகத்தியாரைப் போலை ஒரு மனிசன் உண்டோ எண்டு கதை. முந்தி எண்டால் அந்தக் கதையை நானே நாலு வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பன். ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சங்கக் கூட்டத்தில ஆண்டியப்பன் எழும்பி, குத்தம் எம்மேலதாங்க, கற்பூரம் நான் ஏத்தினதுதாங்க எண்டு கும்பிட்டுக்கொண்டு நிண்டவன். நல்லதம்பி முதற்கொண்டு எல்லாரும் அவனைத்தான் பேசினவை, நாலு பேர் அவனை ஊரை விட்டு அனுப்பவேணும் எண்டும் சொன்னவை. நான் கதிரையில இருந்தனான், சங்கத் தலைவர் எண்டபடியால். வாயே திறக்கேல்லை. வாற புதன்கிழமை ஊர் அலுவல் பாக்கிற விதானையார் முத்துலிங்கம் அந்தக் கந்தோருக்கு அறிக்கை எழுதுறார், நெருப்பு ஆரால வந்தது எண்டு. ஆண்டியப்பன்ர பேர் அதில ஏறினால் வீடு கட்ட உதவி கிடையாது, ஐஞ்சு வருசமாப் பாத்திருக்கிற காணிப் பத்திரமும் கிடையாது. அவன் பத்திரத்தைப் பற்றிக் கவலைப்படுற மாதிரியும் இல்லை. தகரப் பெட்டியைக் கழுவிக் காயவிட்டிருக்கிறான், ஓமந்தைப் பக்கம் மச்சான் ஒருத்தன் இருக்கிறானாம், அங்கை கூலிக்குப் போகப்போறானாம். சாமிக்கு ஆகாத இடத்துல குடியிருக்கக் கூடாதுங்க எண்டுறான்.

நேற்றுப் பின்னேரம் என்னட்டை வந்து கும்பிட்டான். பிறகு கேட்டான், அய்யா, மறுபடி கனவுல ஐயனாரு வந்தாருன்னா, நான் என்ன கொறை வச்சேன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுவீங்களா, வீரம்மா கையைப் பாக்கிறப்ப அது ஒண்ணுதாங்க மனசுல ஓடுது எண்டு. நான் ஓம் எண்டு சொன்னனான் பிள்ளை. கேக்கிறன் எண்டு சொன்னனான்.

நீ தாதி எண்டபடியாக் கேக்கிறன், உள்ளங்கை வெந்தால் விரல் மடங்கி ஒட்டிப்போகாமல் இருக்க என்ன செய்யிறது எண்டு விபரமா எழுது. இங்கை ஆசுப்பத்திரியில துணி சுத்தி விட்டிருக்கினம், விரலை அசைக்கச் சொல்லினம், அவள் நோவில அசைக்கிறாள் இல்லை. குஞ்சியம்மாதான் சோறு குழைச்சுத் தீத்துறா. நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளிய போ, ராத்திரி வேலையை ஒரு மாசத்துக்கு மேல தொடர்ந்து செய்யாதை, காசு மிச்சம் பிடிக்கிறன் எண்டு பட்டினி கிடவாதை. எங்களுக்கு ஒண்டும் அனுப்பவேண்டாம். உன்ர கதவு நிலைக்கு வேறை மரம் பாப்பம். அந்த எட்டையும் தறிச்சு ஆண்டியப்பனுக்கு வீடு கட்டப் பெர்மிற் கேக்கலாம் எண்டு நினைக்கிறன், உனக்குச் சம்மதமோ எண்டு எழுது. நீ நோய் நொடியில்லாமல், போற இடமெல்லாம் நாலு பேர் மதிக்க, நூறு வயசு வாழவேணும் எண்டு தலையில கை வைச்சு ஆசீர்வதிக்கிறம்.

ஒண்டை மறந்துபோகாதை. பதில் எழுதேக்கை முதல் வரியிலயே, சுகமோ எண்டு கேக்க முன்னம், புதன்கிழமை விதானையாருக்கும் ஆண்டியப்பனுக்கும் சொன்னீங்களோ எண்டு கேள். உனக்கு எழுதித் தபாலில போட்டால் எனக்கு வேறை கதை கட்ட ஏலாது, அதுக்காகத்தான் இதை எழுதுறன். குஞ்சியம்மா இப்ப கஞ்சி கொண்டு கொட்டிலுக்குப் போயிட்டா, அவாவுக்கும் இது தெரியாது. ஐயனார் எனக்குக் கனவில வரேல்லைப் பிள்ளை. வெள்ளைக் குதிரையும் வரேல்லை, மண்ணிறக் குதிரையும் வரேல்லை. அண்டு விடியுமட்டும் நான் அந்தப் பதினொரு மரத்தையும் எண்ணிக்கொண்டு முழிச்சுக் கிடந்தனான். கனவு காணுறதுக்கு நித்திரை எல்லோ கொள்ளவேணும்.

இப்படிக்கு,
உன்ர குஞ்சியப்பு
வீரகத்தி