மேற்குச் சுவரின் அடியில் ஒரு விரல் இடைவெளி

மார்ச் 3

மழை. நாள் தவறாமல் மழை கொட்டுகிற பெர்கனில் இருந்துகொண்டு இதை எழுதுவது வெட்டி வேலை, ஆனாலும் எழுதியாயிற்று.

என் புருஷன் ஒட்வார் கப்பலை விட்டு இறங்கி வீட்டோடு வந்து ஐந்து மாதம் ஆகிறது. முப்பது வருஷம் எஞ்சின் அறையில் கிடந்த மனிதன், இப்போது என் சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்குகிறான். ஏலக்காய் எங்கே என்று கேட்டால், "மேல் தட்டு, இடது பக்கம்" என்று பதில் வருகிறது. ஏதோ நான் நேற்று வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி! எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் போனிலிருந்து வராமல் பக்கத்து அறையிலிருந்து வருகிறதே, அது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அவனுடைய கப்பல் பை மட்டும் வாசலருகே நிற்கிறது, துணி அடுக்கியபடியே. பிரிக்கச் சொன்னால், "பிரிக்கலாம், என்ன அவசரம்" என்கிறான்.

மார்ச் 9

கம்பெனியிலிருந்து போன். ஆள் பற்றாக்குறையாம், ஜூனில் ஒரு நீண்ட பயணம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். முடியாது என்று சொல்லவில்லை. கவனித்துக்கொண்டேன்.

மார்ச் 21

மேற்கு அறை ஜன்னலுக்குக் கீழே, மரச்சுவரின் வெளிப்பலகையில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. வெண்ணெய்க் கத்தியால் சும்மா குத்திப் பார்த்தேன். பிடி வரைக்கும் இறங்கிவிட்டது, கேக்கில் இறங்குகிற மாதிரி.

அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அந்தச் சுவர் அவன் செல்லப்பிள்ளை. பல வருஷம் முன்னால் ஒரு குளிர்காலத்தில், மேற்கு அறையில் காற்று விசிலடிக்கிறது, சுண்டெலி வேறு வருகிறது என்று போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தேன். எங்கோ பிரேசில் பக்கம் இருந்தான். அதிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதல் வேலை, மழையில் மண்டியிட்டு, பலகைக்கு அடியில் சிலிகான் பசை வைத்து அடைப்பது. எனக்குக் குளிரக்கூடாதாம்.

மார்ச் 28

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

போர்ஹில்ட் சொல்லிவிட்டாள். ஒட்வாரின் அக்கா, வாயில் பூட்டு கிடையாது. மேற்கு அறையில் காபி, வாஃபிள் எல்லாம் வைத்து உட்கார்ந்தோம். மூக்கைச் சுளித்தாள்.

"டேய் ஒட்வார், என்னடா காளான் வாசனை? வளத்து விக்கப் போறியா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா, சுன்னிவா?"

நான் வாஃபிளைப் பார்த்தேன்.

ஏப்ரல் 13

பலகைகளைப் பிரித்தோம். அவன், நான், ஏணியைப் பிடிக்கிறேன் என்று வந்து அதிகாரம் பண்ணிய போர்ஹில்ட்.

எங்கள் ஊர் மழை பக்கவாட்டில் அடிக்கும். பலகைக்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர் போகத்தான் போகும். அதனால்தான் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் கட்டை அடித்து இடைவெளி விட்டிருப்பார்கள். போன தண்ணீர் வழிந்து கீழே வெளியேறிவிடும், காற்று ஏறி மிச்சத்தை உலர்த்திவிடும். அந்தக் கீழ்வாயைத்தான் இவன் கோடு பிசகாமல் அடைத்திருந்தான். உள்ளே ரீப்பர் எல்லாம் கையோடு பிய்ந்து வந்தது. சுவரைத் தாங்குகிற அடி உத்திரத்தில் பாதி கறுத்து மக்கிப்போயிருந்தது.

"கப்பல்ல ஒரு பொட்டு ஓட்டை விடமாட்டோம்" என்றான். "தண்ணி உள்ள வரக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"வந்த தண்ணி எப்படிடா போகும்?"

"அதுக்கு பம்ப் இருக்கும்கா."

போர்ஹில்ட் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 14

பையைத் திறந்து, துணிகளை மறுபடி அடுக்கி மூடினான்.

ஏப்ரல் 16

சண்டை. நல்ல சண்டை.

"நான் வீட்டுல இருந்தா வீடு அழுகுது" என்றான். "கப்பல்லயாவது உருப்படியா இருப்பேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ — வீடு அழுகினது நீ இல்லாதப்போதான், லீவுக்கு வந்தே, அடைச்சே, கிளம்பிட்டே, ஒரு மழைக்காலமாவது முழுசா இருந்து பாத்தியா? பாத்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்குமே. நீ போயிட்டேன்னா அப்புறம் சுவர் நல்லா இருந்து எனக்கு என்ன? கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது, அசையட்டும்.

நிலவறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் ரம்பச் சத்தம் கேட்டது. அது வேலை ரம்பமா, கோப ரம்பமா? தெரியவில்லை.

மே 17

தேசிய நாள். அடி உத்திரத்தின் மக்கின பாதியை வெட்டி எடுத்துப் புதுசு வைத்தாகிவிட்டது, பலகைதான் இன்னும் ஏறவில்லை. "சுவரே இல்லாத வீட்டுக்குக் கொடி வேறயா?" என்றாள் போர்ஹில்ட், விழா உடையில் வெள்ளிப் பொத்தான் மின்ன. பிள்ளைகளின் ஊர்வலம் பார்க்கப் போனோம். ஒட்வார் ஊர்வலத்தை எங்கே பார்த்தான்? வழியெல்லாம் குனிந்து ஊரார் வீட்டுப் பலகைகளின் அடியைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மே 25

பலகை ஏறுகிறது. பின்பக்கமும் அறுத்த முனையும் முதலில் பிரைமர் குடித்தாக வேண்டும், அது அவன் கட்டளை. ஜன்னல் தலைக்கு மேலே சரிவாகத் தகரம். அடியில் சுண்டெலி நுழையாதபடி சின்னத் துளைகள் போட்ட தகரப் பட்டை, காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி. ஒவ்வோர் அடிக்கும் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறான். அழகாகச் செய்கிறான். போகப் போகிறவன் இப்படித்தான் கச்சிதமாக முடித்துக் கொடுப்பானோ?

கம்பெனிக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஜூன் 1

காலையில் எழுந்து வந்தால் வாசலில் பை இல்லை.

நின்ற இடம் தரையில் வெளுப்பாகத் தெரிந்தது. சொல்லாமலா? இவ்வளவு வருஷத்தில் ஒருமுறைகூட சொல்லாமல் போனதில்லையே. செருப்புகூடப் போடாமல் மழையில் வெளியே ஓடினேன்.

வடக்குச் சுவரோரம் மண்டியிட்டு, அடியிலிருந்த பழைய சிலிகானை உளியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அதே கைவேலைதான், அங்கேயும் பல வருஷம் அடைத்திருக்கிறான். முட்டிக்குக் கீழே, இரண்டாக மடித்து, அந்தப் பை.

"துணியெல்லாம்?" என்றேன்.

"உன் அலமாரியில. மேல் தட்டு, இடது பக்கம்."

"கம்பெனிக்கு?"

"நேத்தே சொல்லிட்டேன். இந்த மழைக்காலம் பூரா சுவரைப் பாக்கணும்னு."

மழை வலுத்தது. "பை நனையுது, ஒட்வார்" என்றேன்.

"நனையட்டும்" என்றான், தலை நிமிராமல். "கல்லு குத்துது, முட்டிக்கு ஏதாவது வேணும்ல."