நான்கு முறை பிரித்த அங்கி

மார்ச் 3, திங்கள்

பெருமதிப்பிற்குரிய நாட்குறிப்பேட்டிற்கு வணக்கம். ஒன்பது நாள்களாகத் தங்களைத் திறவாதிருந்த தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். நாடகக் குழுவின் உடை அறையில் தலைக்கு மேல் வேலை.

"நோட்டுக்கே கும்பிடு போடுற ஒரே ஆள் நீதான்" என்கிறார் என் கணவர். சொல்லட்டும். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அகராதியைத் துணைகொண்டு தானே தேடிய தமிழ் இது. கஞ்சத்தனமாகச் செலவழிக்க மனம் வருவதில்லை.

அந்தப் பழைய சோக நாடகத்தை மீண்டும் மேடையேற்றுகிறோம். அரசர் தம்பியைக் கொல்கிறார்; அரசி சபித்துவிட்டு வெளியேறுகிறாள்; அரசர் உணவைத் தொடாமல் உருகி முப்பத்திரண்டு வயதில் மாண்டுபோகிறார். பதினாறு ஆண்டுகளாக அந்த அரசர் என் கணவரே. ஆண்டுக்கு அரை அங்குலம் வீதம் அவருடைய அங்கியை இடுப்பில் பிரித்துவிட்டு வருகிறேன். எவரும் அறியார் என்றிருந்தேன்.

இன்று இயக்குநர் உடைத்துச் சொல்லிவிட்டார். "அண்ணே, பட்டினி கிடந்து சாகிற ராஜா இப்படியா இருப்பான்? பதினஞ்சு நாள்ல வயித்தக் குறைங்க. இல்லன்னா கிரீடம் தம்பிக்கு."

தம்பி என்றால், தம்பி வேடமிடும் ஒல்லி நடிகர்.

மார்ச் 6, வியாழன்

கணவருக்கு மூன்று வேளையும் வெள்ளரிக்காய்.

மார்ச் 8, சனி

புதிய அங்கி வேண்டுமாம். அந்த அரசர் உண்மையில் அணிந்தது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "அச்சு அசலா அதே மாதிரி வேணும்மா. ஒரு நூல் மாறக் கூடாது" என்று இயக்குநர் உத்தரவு.

மார்ச் 11, செவ்வாய்

அங்கியைக் கண்டேன். காப்பாளர் அம்மையார் கையுறை தந்து, உட்புறத்தைப் புரட்டிக்காட்டினார். இடுப்போரம் பழைய ஊசித் துளைகள், வரிசை வரிசையாக. நான்கு முறை பிரித்திருக்கிறார்கள். கடைசி முறை துணி போதாமல் ஒட்டுத்துண்டு வைத்திருக்கிறார்கள். முதல் தையலில் இடுப்பு முப்பத்திரண்டு அங்குலம், இப்போது நாற்பத்திரண்டு.

பட்டினியால் செத்தவருக்கா இது?

"யாருங்க பட்டினியால செத்தது?" என்று காப்பாளர் சிரித்தார். "அறுபத்தேழு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டு, தூக்கத்துல போனாரு. தம்பி செத்தது காய்ச்சல்ல. நாடகம் எழுதினவர் நூறு வருஷம் கழிச்சுப் பிறந்தவர். இப்ப வர்ற பிள்ளைங்க எல்லாம் 'கொலைகார ராஜா சட்டை எங்கே'ன்னுதான் கேக்குதுங்க. அரண்மனை ஏட்டக் காட்டினாலும் நம்ப மாட்டேங்குதுங்க."

பதினாறு ஆண்டுகள் திரைக்குப் பின்னால் நின்று அவருடைய சாவுக்கு அழுதவள் நான். அவரோ கொழுகொழுவென்று வாழ்ந்திருக்கிறார். ஏனோ மனம் குளிர்ந்துபோயிற்று.

இரண்டு அளவுகளையும் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

துணியை வெட்டிவிட்டேன். நாற்பத்திரண்டு. என் கணவருக்கும் அதே அளவுதான்.

அச்சு அசல் என்றார். எந்தத் தையல் என்று சொல்லவில்லை. — இது நேர்மையா? நாடகத்து அரசர் இளைஞர் என்பது எனக்குத் தெரியாதா?

மார்ச் 18, செவ்வாய்

கெடு முடிந்தது. கணவரின் இடுப்பு ஒரே ஒரு அங்குலம்தான் குறைந்தது. அங்கியை ஒல்லி நடிகருக்குப் போட்டார்கள். உள்ளே இன்னொருவர் வாடகைக்கு இருக்கலாம்.

"இது அங்கியா, கூடாரமா?" என்றார் இயக்குநர்.

"அரசருடைய அளவு, ஐயா. அளவுத் தாளில் காப்பாளரின் கையொப்பம் இருக்கிறது."

"ராஜா இவ்வளவு குண்டா?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். முடியல. "அவர் இளமையில போட்ட தையல் முப்பத்திரண்டுங்க. நான்தான் தெரிஞ்சே பெரிய அளவ எடுத்தேன். எங்க வீட்டுக்காரருக்காக" என்று சொல்லிவிட்டேன். அகராதிச் சொல் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

இயக்குநர் ஒல்லி நடிகரிடமிருந்து அங்கியைக் கழற்றி வாங்கினார். பிறகு, "அண்ணே, நீங்க போடுங்க. தட்டத் தள்ளுற காட்சி."

கணவர் அமர்ந்தார். தட்டைப் பார்த்தார். கை நீண்டது, பாதியில் நின்றது. மெல்லத் தள்ளினார். இயக்குநர் எழுந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அதுல நிஜமாவே சாப்பாடு இருக்கா?"

"வெறும் மரத்தட்டுதான் சார். ஆனா பதினஞ்சு நாளா வெள்ளரிக்காய்."

ஒல்லி நடிகர்தான் முதலில் சிரித்தார். "ஒல்லியா இருக்கிறவன் தட்டத் தள்ளினா யாருக்கு வலிக்கும்? அண்ணனே பண்ணட்டும் சார்" என்று அங்கியின் பொத்தானைத் தாமே மாட்டிவிட்டார்.

மார்ச் 22, சனி

முதல் காட்சி. அரசர் வழக்கம்போல் முப்பத்திரண்டு வயதில் செத்தார். அரங்கம் அழுதது; உண்மை தெரிந்த நானும் அழுதேன். ஆனால் நிகழ்ச்சித் தாளின் கடைசிப் பக்கத்தில் அவர் அறுபத்தேழு வயது வரை வாழ்ந்த செய்தி நான்கு வரிகளில் இருக்கிறது. என் தமிழ். இயக்குநர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கணவர் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டார். அங்கியில் இன்னும் ஒட்டுத்துண்டுக்கு இடமிருக்கிறது.

காப்பாளருக்கு எழுதிய கடிதத்தின் படியை இங்கே வைக்கிறேன்:

"அம்மையீர், நான்கு முறையும் பிரித்துத் தைத்த கை ஒன்றே. தையலின் சாய்வு அனைத்திலும் இடக்கைக்கு உரியது. இத்தனை ஆண்டுகளில் அரண்மனைத் தையற்காரர் மாறியிருப்பார். அந்தக் கை மாறவில்லை. அரசி வெளியேறிவிட்டாள் என்கிறது நாடகம். அந்த அரசியார் இடக்கைப் பழக்கம் உடையவரா என்று ஏட்டில் பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்."