வலது காலுக்கு ஒரு வெள்ளிக்கால்

தாராவி,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் மகேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி பாபுவும் செந்தூர் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். ஜெர்மனியில் உன் இடது காலின் சுகத்துக்கும் வலது காலின் சுகத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதவும். போனில் பேசினால் "பொறவு பேசுதேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பப் பாபுவிடம் சொல்லியிருக்கிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், மெதுவாகவே வாசி, இப்போது உனக்கு ஓடிப்போய் ஆட வேண்டிய ஆட்டம் ஒன்றும் இல்லையே.

இங்கே மழை விட்டுவிட்டது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியதில் கடைக்குள் எனக்கே உட்கார இடமில்லை, கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பாபு குர்லாவில் செல்போன் ரிப்பேர்க் கடை போட்டுவிட்டான். தொழில் எப்படி என்று கேட்டால் "சல்தா ஹைப்பா" என்கிறான், ஏதோ ஓடுகிறதாம், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒருநாளும் லேட் ஆவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததை நீ அழுகைக்கு நடுவே பாதிதான் கேட்டிருப்பாய், நான் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்கிறேன். கோடையில் நீ மேடையில் குதித்து இறங்கும்போது இடது கணுக்கால் மடங்கித் தசைநார் கிழிந்தது என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா நேர்ந்துகொண்டாள், கால் குணமானால் செம்பூர் முருகன் கோயில் உண்டியலில் வெள்ளியில் கால் வாங்கிப் போடுவதாக. நம் பழக்கம்தான், கண்ணுக்கு நோவு என்றால் கண்மலர், காலுக்கு என்றால் கால். போன மாதம் நீ வீடியோவில் காலைத் தூக்கிக் காட்டி, பிசியோதெரபி அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குதிக்க விட்டுவிட்டார், அடுத்த பாலே ஆட்டத்தில் தலைமை வேஷம் எனக்குத்தான் என்று சொன்னதும் உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிரம்மநாயகம் ஆசாரியிடம் போய் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். போடுவதற்கு முன் எடுத்த போட்டோவை நம் குரூப்பில் பார்த்தேன். பெருவிரல் இடப்பக்கம் இருக்கிறது. அது வலது கால். நீ எதிரே உட்கார்ந்து காட்டிய காலை இவள் தன் கைப்பக்கத்தை வைத்துத் தீர்மானித்திருக்கிறாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏளா, முருகன் இனும நல்ல காலுக்கு மருந்து குடுக்கப் போறாரு பாத்துக்க" என்று கேலி செய்தேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. அப்போதே உன்னைக் கூப்பிட்டு, "மக்கா, ஒனக்கு வலது காலு நல்லாத்தான இருக்கு? அதுல ஒரு வலியும் இல்லல்லா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அவளும் சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போயிருப்பாள். நீயோ அழ ஆரம்பித்தாய். இடது காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றியதில் பாரம் முழுவதும் வலது காலுக்குப் போய், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஓர் இடத்தில் குத்துகிறது, பிசியோ அம்மா தினமும் கேட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லிவருகிறேன், சொன்னால் வேஷம் போய்விடும் என்றாய். பிசியோவிடம் சொல்லிவிடுவதாக அம்மா உன்னிடம் தன் மேல் சத்தியம் வாங்கினாள். நீ போய்ச் சொன்னாய், ஸ்கேன் எடுத்தார்கள், வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. "ஒன் வெள்ளிக்காலு என் வேஷத்தத் தின்னுட்டும்மா" என்று சொல்லிப் போனை வைத்தவள்தான், அதற்கப்புறம் அம்மாவை நீ கூப்பிடவே இல்லை.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. சின்ன வயதில் மாட்டுங்கா நடன வகுப்புக்கு உன்னைக் கூட்டிப்போய்க் கதவுக்கு வெளியே செருப்புகளுக்குக் காவல் இருந்தவன் நான்தானே, இந்த வேஷம் உனக்கு எத்தனை வருஷத்து ஆசை என்று எனக்கா தெரியாது. ஆனால் பிசியோ அம்மா சொன்னதாக நீயே பாபுவுக்கு எழுதியிருக்கிறாய், எலும்பு இன்னும் விரிசல் விடவில்லை, விடப் பார்த்தது, இப்போதே நிறுத்தியதால் டிசம்பரில் சின்ன வேஷம் ஆடலாம், இதே காலோடு தலைமை வேஷம் ஆடியிருந்தால் அடுத்த வருஷமே உனக்கு இல்லை என்று. அதைக் கேட்ட அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். வேஷம் போனால் போகட்டும், மகளின் கால் இருக்கிறதே என்று சந்தோஷமாகவே இருக்கிறேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

பிசியோதெரபி என்றால் கை காலைப் பிடித்துவிடுகிற வேலை என்று நினைத்திருந்தேன். அதைவிட நம் ஊர் எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்பது மேல் என்று உன்னிடம் வாதாடியவனும் நான்தான். இப்போது அல்லவா தெரிகிறது, அவர் உனக்கு மறுபடியும் நிற்கவும் நடக்கவும் பழக்கி, அதற்கப்புறம் ஆட்டத்துக்குக் கொண்டுவருகிறார் என்று. ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கிற பயிற்சியைக் கடையில் ஆள் இல்லாத நேரம் நானும் செய்து பார்த்தேன். உளுந்து மூட்டைதான் என்னைக் காப்பாற்றியது. நீ வலியை மறைத்ததற்கு அவர் கோபப்படவே இல்லையாமே, "இனி வந்ததும் எங்கே வலிக்கிறது என்று சொல், வணக்கம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்று மட்டும் சொன்னாராமே. நல்ல மனுஷி. அவர் பேச்சைத் தட்டாதே. வலி நின்ற மறுநாளே குதிக்க விடுங்கள் என்று அவரிடம் மல்லுக்கு நிற்காதே, வலி போனதும் எலும்பும் ஆறிவிட்டதாக அர்த்தம் இல்லை என்று எனக்குப் பாடம் சொன்னதே நீதான்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலை மடக்கிக் கால்விரலால் துண்டை இழுக்கிற பயிற்சியை நீ அங்கே செய்யும்போது உனக்குத் துணைக்கு இவளும் வீடியோவில் செய்வாளே, அதை இப்போதும் அதே மத்தியான நேரத்துக்குத் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து செய்கிறாள். போன் பக்கத்திலேயே கிடக்கும். ஏன் என்று கேட்டால் "எனக்கும் காலுதான" என்கிறாள். வலது கால் வாங்கிப் போட்டதால்தான் உனக்கு அந்தக் காலில் வலி வந்தது என்று ஒரு கிறுக்குப் பயம் அவளுக்கு. அது முன்னாலேயே வந்தது, இவள் கேட்டதால்தான் வெளியே தெரிந்தது என்று நான் சொல்லிப் பார்த்தாயிற்று, என் பேச்சு இந்த வீட்டில் எடுபடாது என்று உனக்குத் தெரியும்.

டிசம்பரில் பின்வரிசையில் பத்தோடு பதினொன்றாக நிற்கப் போகிறேன், அதைப் பார்க்க அப்பா அம்மா வர வேண்டாம் என்று பாபுவிடம் சொன்னாயாம். நான் வரத்தான் போகிறேன், கடையைப் பாபுவிடம் விட்டுவிட்டு. நீ எந்த வரிசையில் நின்றால் எங்களுக்கு என்ன? வலியை விழுங்கிக்கொண்டு நீ முன்னால் ஆடியிருப்பாய், அது தெரியாமல் நாங்கள் கைதட்டியிருப்போம், அதற்கு இந்தப் பின்வரிசையே எனக்கு மேல். அம்மாவையும் கிளம்பச் சொன்னேன். "மக வீடுன்னாலும் அவ வாயால ஒரு வார்த்த கூப்புடாம எப்பிடிப் போறது?" என்கிறாள். ஆனால் நான் சொன்னதிலிருந்து பீரோவில் இருக்கிற ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போடுகிறாள், மடித்துத் திரும்ப உள்ளே வைக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. முருகன் உன் இரண்டு காலுக்கும் துணை இருந்து நீ நீடூழி வாழ்க. இதை வாசித்து முடித்ததும் எனக்குப் பதில் எழுத உட்காராதே, முதலில் அம்மாவைக் கூப்பிட்டு, எங்கே வலிக்கிறது என்று சொல், பிறகு "வாம்மா" என்று சொல்.

உன் நலமே நினைக்கும்
அப்பா, சுயம்பு.