பட்டாம்பூச்சிக்கு வைத்த தண்ணீர்

புரட்டாசி 12, ஞாயிறு

வெயில். துறைமுகப் பக்கமிருந்து காற்று. இலையெல்லாம் கரி. ஈரத்துணியால் துடைத்தேன். முதலில் இட்லிப்பூ, பிறகு செம்பருத்தி, கடைசியில் உன்னிச்செடி. துணி கறுத்தது.

இன்று வந்தவை: மஞ்சள் சின்னது, நிறைய. கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்தது ஒன்று. ஆரஞ்சு இரண்டு, சண்டை போட்டுக்கொண்டு. பெயர் தெரியாது. பார்த்தால் போதும்.

நீல டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்த இட்லிப்பூதான் ராஜா. வாசல் மதிலை விட உயரமாகிவிட்டது. பக்கத்து வீட்டு கரீம் பாய் ராயபுரத்திலிருந்து ஒடித்து வந்து கொடுத்த குச்சி அது. தையல் கடையை மூடியதிலிருந்து சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் பூ. (முழுப்பெயர் எழுதக் கை வலிக்கிறது. இனி க.பாய்.)

கறிவேப்பிலையில் பச்சைப் புழு ஐந்தாறு. தேவி, என் மருமகள், பார்த்துவிட்டாள். "மாமா, செடி நமக்கா புழுவுக்கா? ரசத்துக்கு ஒரு கொத்து தேறல!" கடையில் போய் கறிவேப்பிலை வாங்கி வந்தேன். வீட்டில் செடி இருக்கும்போது.

டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தட்டில் தண்ணீர் ஊற்றினேன். பட்டாம்பூச்சி குடிக்க. ஞாயிறு ஒரு நாள்தான் ஊற்றுவது. இந்த வெயிலில் இரண்டு நாளில் வற்றிவிடும், கொசுவுக்கு இடமில்லை என்று கணக்கு. ஆனால் வற்றக் காணோம். பனி இறங்குகிறது போல.

புரட்டாசி 14, செவ்வாய்

வெயில். க.பாய் வரவில்லை. ஜமீலா, அவர் வீட்டுக்காரி, வாசலில் நின்று சொன்னது: "ஜொரம்ணா. போத்திகினு படுத்துகினு கீறாரு."

ஒரு புழு தின்பதை நிறுத்திவிட்டது. தண்டில் ஒட்டிக்கொண்டு, இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. மீன்பிடி துறைமுகத்தில் ஐஸ் கட்டி தூக்கிய காலமெல்லாம் இது எதையும் நான் பார்த்ததில்லை. அங்கே மீன் கூடை கழுவிய சேற்றில் பட்டாம்பூச்சி கூட்டமாக உட்காரும், அது மட்டும் தெரியும். அதைப் பார்த்துத்தான் மீன் கழுவிய தண்ணீரைத் தட்டில் வைக்க ஆரம்பித்தேன். நன்றாக வந்தன. புரட்டாசி பிறந்ததும் தேவி தடுத்துவிட்டாள். "கவிச்சி ஆவாத மாசம், வாசல்லயே மீன் தண்ணியா? நல்ல தண்ணி வையுங்க, அதுங்க இன்னா கொழம்பா கேக்குது?" வீட்டில் மீனும் இல்லை. அன்றிலிருந்து நல்ல தண்ணீர், கொஞ்சம் மணல், கூழாங்கல்.

புரட்டாசி 16, வியாழன்

க.பாயைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். டெங்கு. ரத்தத்தில் ஏதோ குறைகிறதாம். போய்ப் பார்த்தேன். கையில் குளுக்கோஸ் ஊசி. உதடு வெடித்திருந்தது.

கண் திறந்து என்னைப் பார்த்து, "பூச்சி வந்துச்சா?" என்றார்.

"நீ கம்முனு படுத்துக்கோ" என்றேன்.

திரும்பும்போது வண்ணாரப்பேட்டையில் பஸ் மாறினேன். பஸ்ஸின் பெயர்ப்பலகையை, இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவன், நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. சந்தோஷம் வந்தது, அவர் அப்படிக் கிடக்கும்போதா என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

புரட்டாசி 18, சனி

எழுத்து கோணல்.

கொசுப்புழு பார்க்கிற அம்மா வந்தது. டார்ச் அடித்து டிரம், தொட்டி, டயர் எல்லாம் பார்த்தது. இட்லிப்பூவுக்குப் பின்னால் குனிந்து, "பெரியவரே, இங்க வா" என்றது.

தட்டில் டார்ச் அடித்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மயிர் மாதிரி, துள்ளித் துள்ளி. நிறைய.

"இன்னா பெரியவரே, பண்ண வச்சி வளக்குறியா? டெங்கு கொசு நல்ல தண்ணிலதான் முட்ட வுடும், தெரியாது?"

"பட்டாம்பூச்சிக்கு வச்சது மா. ரெண்டு நாள்ல வத்திடும்னு..."

"எங்க வத்திச்சி? தளும்பிகினு கீது!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இந்தத் தட்டுக் கொசுதான் கடித்தது என்று சொல்ல முடியாது, தெருக்கோடி தொட்டியிலும் புழு இருக்கிறது என்று அந்த அம்மாவே சொன்னது. அதை மெதுவாகச் சொன்னது. முதலில் சொன்னதைத்தான் சத்தமாகச் சொன்னது.

ஜமீலா ஆஸ்பத்திரிக்குப் போகப் பையோடு நின்றாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம்.

புரட்டாசி 20, திங்கள்

நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி ஜமீலா வாசல்படியில் வைத்தேன். மதியம் வரை அங்கேயே இருந்தது. எறும்பு. எடுத்துவந்து கொட்டினேன்.

க.பாய்க்கு இன்னும் குறைகிறதாம். தேவி விசாரித்துச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பினேன்.

நாளைக்குத் தெருவில் கொசுப் புகை அடிக்கிறார்களாம். புகை பட்டால் புழுவும் சாகும், பட்டாம்பூச்சியும் சாகும். கூடு மூன்று இருக்கிறது கறிவேப்பிலையில். ஒன்றில் இறக்கையின் கோடு லேசாகத் தெரிகிறது.

எங்கள் வாசலில் மட்டும் அடிக்காதே என்று எந்த வாயால் சொல்வது.

தேவி கேட்டாள், "தார்ப்பாய் போட்டு மூடட்டுமா மாமா?" நல்ல பெண். வேண்டாம் என்றேன்.

புரட்டாசி 21, செவ்வாய்

மாலை. மூட்டம்.

மிஷின் சத்தம் தெருமுனையில் கேட்டது. எழுந்து கேட்டைத் திறந்துவைத்தேன். ஜமீலா அவள் வாசலில். நான் கெஞ்சுவேனா என்று பார்க்கிறாள் என்று தோன்றியது. வேறு எதற்காவது நின்றிருக்கலாம்.

மிஷின்காரன், "ஓரமா போ தாத்தா, மூக்குல ஏறும்" என்றான்.

இட்லிப்பூவின் கிளைகளை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தேன். "டிரம்முக்குப் பின்னால அடி. அங்கதான் கொசு கீது."

அடித்தான். எல்லாம் வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. இருமினேன். கிளையை விடவில்லை.

புகை கலைந்தபின், உன்னிச்செடியின் கீழே ஆரஞ்சு ஒன்று, இறக்கை விரித்தபடி. பச்சைப் புழுக்கள் கறிவேப்பிலையில் தலைகீழாகத் தொங்கின. கூடுகள் அப்படியே. உள்ளே எப்படியோ.

புரட்டாசி 22, புதன்

எதுவும் வரவில்லை. இலை துடைக்கவில்லை.

புரட்டாசி 24, வெள்ளி

இலை துடைத்தேன். கரி ஏறிவிட்டால் செடி மூச்சுவிடாது.

ஜமீலா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். போகிற போக்கில், முகம் பார்க்காமல், "ஏறுதாம்" என்றாள். ஒரு சொல். உள்ளே வந்து உட்கார்ந்து அழுதேன். தேவி, "இன்னா மாமா, இன்னா ஆச்சி?" என்று ஓடிவந்தாள். ஏறுதாம், ஏறுதாம் என்றேன்.

புரட்டாசி 27, திங்கள்

க.பாய் வந்துவிட்டார்! ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். சட்டை தொளதொள. அவர் தைத்த சட்டை, அவருக்கே சேரவில்லை.

நான் கேட்டுக்கு இந்தப்பக்கமே நின்றேன்.

அங்கிருந்தே, "தோஸ்து, தட்டு எங்க?" என்றார்.

"தூக்கிக் கடாசிட்டேன் பாய். அதுலதான் புழு கீதுன்னு..."

"அய்யோ, நான்தான தெனம் ஊத்துவேன்! காலைல தொழுதுட்டு வர்றப்போ, ஒரு சொம்பு. நீ வாரத்துக்கு ஒருவாட்டிதான் ஊத்துற, பாவம் அதுங்க தவிக்குமேன்னு."

நான் பனி என்று நினைத்தது.

எனக்கு நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. என் தட்டு, அவர் தண்ணீர். அவருக்கே காய்ச்சல். யாரிடம் போய்ச் சொல்ல.

ஜமீலா கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு கெழத்தையும் நிக்கவச்சி அந்தப் பொகைய வுட்டிருக்கணும். ஒரு வாரமா இந்த மன்ஷன் மூஞ்சியப் பாக்காம கீறேன், ஊத்துனது யாருன்னா என் வூட்டு நவாபு!" கத்திக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. எனக்கும் சேர்த்து.

புரட்டாசி 28, செவ்வாய்

வெயில். மாலை க.பாய் பிடிவாதம் பிடித்து நாற்காலி போடச் சொன்னார். ஜமீலா கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.

இட்லிப்பூ கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது. இவ்வளவு சிவப்பு இதுவரை பூத்ததில்லை. ஒன்றும் வரவில்லை. கூடு மூன்றும் கறுத்துவிட்டன. வெளியே வரும் முன்னும் கறுக்கும், செத்தாலும் கறுக்கும். தொட்டுப் பார்க்கப் பயம்.

வெகுநேரம் கழித்து மஞ்சள் சின்னது ஒன்று. மதில்மேல் வந்தது. பூவைச் சுற்றியது, உட்காரவில்லை. திரும்பிப் போய்விட்டது.

"அட்ரஸ் பாத்துகினு போவுது தோஸ்து" என்றார் க.பாய்.

இருட்டியது. கொசு கடித்தது. எழுந்திருக்க அவரால் முடியவில்லை. அவரைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு முறை முயன்றோம். சிரிப்பு வந்து இருந்த தெம்பும் போயிற்று. ஜமீலா வரும்வரை இரண்டு பேரும் மாறி மாறி அவர் காலில் கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.