ஆட்டநாயகனுக்குக் கொடுத்த பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இந்த மருத்துவமனை மருந்தகத்தில் வேலைக்குக் குறைவில்லை.

கேலமும் நலம்தான். போதையாலும் அடிதடியாலும் பெரிய கால்பந்து லீக் துரத்திவிட்ட தம்பியை இந்தச் சிற்றூர் அணி சேர்த்துக்கொண்டதை எழுதியிருந்தேன். சனிக்கிழமை ஐந்து கோல் அடித்தான். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன.

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒன்று நடந்தது. சிறந்த ஆட்டக்காரனுக்கு இங்கே ஒரு பெட்டி பீர் பரிசு. ஆட்டம் முடிந்து கிளப் கூடத்தில் கூடியபோது, தலைவர் மெர்வ் பழக்கதோஷத்தில் அதை அவனிடமே நீட்டிவிட்டார்.

"வாங்கிக்கடா, புதுப் பொண்ணு மாதிரி நிக்கிற!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவன் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆனது யாருக்கோ நினைவு வந்தது. "யோவ் மெர்வ், என்னய்யா பண்ற?" என்று அவர் கத்தினார்.

கேலம் சிரித்துக்கொண்டே வாங்கினான். என் காருக்கு வந்ததும் பெட்டியை என்னிடம் நீட்டினான்.

"பெட்டி உன் பக்கத்துல இருக்கட்டும், பிரான். நான் பின்னாடி உக்கார்றேன். வீடு வர்ற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே வா."

பேசிக்கொண்டே வந்தேன். வீட்டில் ஒவ்வொரு பாட்டிலாக நான் சமையலறைத் தொட்டியில் கொட்டி முடிக்கும்வரை அவன் வெளியே குளிரில் நின்றான்.

"அம்மாகிட்ட கோல் அடிச்சத மட்டும் எழுது," என்றான்.

அவன் திருந்திவிட்டான் என்று எழுத எனக்குத் துணிவில்லை. அந்தச் சனிக்கிழமையைக் குடிக்காமல் கடந்தான், அவ்வளவுதான்.

அவனுடைய நீலக் கம்பளிச் சட்டை அங்கிருந்தால் அனுப்புங்கள். முடிந்தால் எனக்கு உங்கள் ஆரஞ்சு ஜாமும். தபால் நிலையத்தை மூடப்போகிறார்கள். ஞாயிறு காலை அவன் உங்களை அழைப்பான். இந்த முறையாவது போனை எடுங்கள், அம்மா. பேசக்கூட வேண்டாம்.

உங்கள்
பிரான்வின்