சூடு போதாத ஈயம்

மார்ச் 3
இன்று பதினேழு வானொலிப் பெட்டிகள். அரசு நிலையத்தில் முள்ளை நிறுத்தி, திருகின் தண்டில் ஈயத்தை உருக்கி வைத்தால் முடிந்தது. அப்புறம் எதிரி நிலையம் அந்த வீட்டில் வாயைத் திறக்காது. என்னோடு அடைக்கும் சோடாபுட்டி வைத்த ஈயம் இரண்டை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். உதிர்ந்தது. சூடு போதவில்லை. "கண்ணாடிய மாத்துங்க, இல்ல வேலைய மாத்துங்க" என்றேன். சிரிக்கிறார். இருபது வருட மெக்கானிக்காம்.

மார்ச் 9
எங்கள் தெரு சோடாபுட்டிக்குப் போய்விட்டது; சொந்தத் தெருவில் யாரும் அடைக்கக்கூடாது என்பது விதி. வீட்டுப் பெட்டியை அவரிடம் விட மனமில்லை, நானே அடைத்தேன். அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டு, "இத மட்டும் விட்டுடக்கூடாதா தம்பி? பிடிபட்ட நம்ம சிப்பாய்ங்க பேரெல்லாம் எதிரி ஸ்டேஷன்ல சாயந்திரம் ஏழு மணிக்கு வாசிக்கிறாங்களாம். ஒரு தடவதானாம்" என்றார்.
"அண்ணன் எதுக்குப் பிடிபடப்போறான்?"
அண்ணி பையை எடுத்துக்கொண்டார். டிப்போவுக்கு நேரமாகிவிட்டது. பேருந்தில் சீட்டுக் கிழிப்பதெல்லாம் இப்போது பெண்கள்தான்.

மார்ச் 20
எதிர்வீட்டுத் தையல்காரர் என்னைப் பிறந்ததிலிருந்து "வாடா மூக்கா" என்றுதான் கூப்பிடுவார். இன்று, "வாங்க சார்." கடையில் பேசிக்கொண்டிருந்த நாலு பேருக்கும் திடீரென்று வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. போருக்குப் போனவர்களின் கால்சட்டைகளைப் பிரித்து, வேலைக்குப் போகும் மனைவிமாருக்கு அளவு குறைக்கிறார். அண்ணனுடையதும் அங்கே தொங்கியது.

ஏப்ரல் 2
தந்தி. "காணவில்லை." அவ்வளவுதான். இருக்கிறானா, இல்லையா? இன்னும் ஒரு சொல் போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

ஏப்ரல் 5
அம்மா சாப்பிடவில்லை.

ஏப்ரல் 11
டாக்டர்கள் எல்லோரும் போர்முனையில். வந்தவர் பல் டாக்டர். நெஞ்சைத் தட்டிப் பார்த்து, நீர் கோத்திருக்கிறது என்றார். அவர் போனதும் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பெட்டியத் தொறடா. அவன் பேரு வருதான்னு கேட்டுட்டுப் போறேன்."
"மாட்டுனா ஜெயிலும்மா."
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 14
திறந்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். நான் வைத்த ஈயமாயிற்றே, இளகினால்தானே? அவசரத்தில் குறட்டால் முறுக்கினேன். தண்டு உடைந்துவிட்டது. மாற்றுத் தண்டு எங்கும் கிடையாது. முள் நகரவே இல்லை. உள்ளே ஒருவன் வெற்றி, வெற்றி என்று கத்திக்கொண்டிருந்தான். அம்மா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

ஏப்ரல் 17
அம்மா காலையில் போய்விட்டாள். தூக்க ஆளில்லை. நான், தையல்காரர், சோடாபுட்டி. நாலாவது தோள் அண்ணியுடையது.

ஏப்ரல் 26
தையல்காரர் கடைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.
"சொன்னா என்னப் புடிச்சுக் குடுத்துட மாட்டீங்களே சார்?"
"என்ன?"
"உங்க அண்ணன் உசுரோட இருக்காரு. பதினஞ்சாம் தேதி வாசிச்சாங்க. அவரு பேரு, அப்பா பேரு, நம்ம தெரு. நான் ரெண்டு காதாலயும் கேட்டேன்."
பதினைந்து. அம்மா இருந்தாள். நினைவோடு இருந்தாள்.
"அன்னிக்கே ஏன் சொல்லல?"
"உங்க வாசப்படி வரைக்கும் வந்தேன் சார். உள்ள நீங்க இருந்தீங்க. நீங்கதான அடைக்கிறவரு?"
அவர் பெட்டி எப்படித் திறந்தது என்று கேட்டேன். ஈயம் தானாகவே உதிர்ந்துவிட்டதாம்.
சோடாபுட்டிக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 27
அண்ணியிடம் சொன்னேன். முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு, "என்னிக்கு வாசிச்சாங்க?" என்று கேட்டார். சொன்னேன். விரல்விட்டு நாளை எண்ணினார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அண்ணனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போய்விட்டார்.

மே 6
பதினொரு பெட்டிகள். பற்றவைக்கும் இரும்பு நன்றாகச் சூடேறும் முன்பே ஈயத்தை வைத்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடைசி வீட்டு அம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் போர்முனையில். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா சார்?" என்றார்.
"முடிஞ்சிருச்சும்மா. மணி ஏழாகப்போகுது, நான் கெளம்பறேன்" என்றேன்.